பதினான்கு தடவை 'எரியட்டும்'

டி.வி.யில் ஆகாயக் கப்பல் கதை வந்தால், சாமி கும்பிடுகிறவர்கள் எல்லாரும் சாம்பல் நிற அங்கிதான் போட்டிருக்கிறார்கள். எட்டு வருஷமாகப் பார்க்கிறேன், ஒருத்திகூட ஒரு பூப்போட்ட சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றதில்லை.

எனக்கு இந்தக் கதைகள் பழக்கமானதற்குக் காரணம் என் மகள். பம்பாயில் செம்பூர்ப் பக்கம் ஒரு டப்பிங் ஸ்டூடியோவுக்குப் போகிறாள். வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழ்க் குரல் கொடுக்கிற இடம். கதாநாயகி பேசுவது இவள் குரல் இல்லை. சந்தையில், சண்டையில், சாவு வீட்டில் பின்னால் நின்று 'ஐயோ, ஓடு, பிடி' என்று சத்தம் போடுகிற கும்பலில் ஒருத்தி. கும்பலுக்கு ஆள் குறைகிற அன்றைக்கு என்னையும் தாராவியிலிருந்து பஸ் ஏற்றிக் கூட்டிப் போவாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் ஏழெட்டுக் கிரகத்தில் ஒப்பாரி வைத்திருக்கிறேன்.

எந்தக் கிரகமானாலும் அங்கே ஒரு கோயில் இருக்கும். வாசலில் ஒரு ஜோடி செருப்புக் கிடக்காது. கூட்டத்தில் ஒரு பிள்ளை அழாது, ஒருத்திக்கும் கொட்டாவி வராது, சாப்பாடு எத்தனை மணிக்கு என்று ஒருத்தனும் கேட்க மாட்டான். எல்லாரும் ஒன்றுபோலக் கையைத் தூக்கி, ஒன்றுபோல முழித்து, ஒரே வார்த்தையைச் சொல்லுவார்கள். எதிர்த்தாற்போல் கப்பல்காரர்கள், இறுக்கிப் பிடித்த சட்டையில். அவர்களுக்குச் சாமி கிடையாது. ஆனால் கேப்டன் குதி என்றால் எதற்கு என்று கேட்காமல் குதிப்பார்கள். பன்னிரண்டாவது படிக்கிற என் பேத்தியிடம் இதைக் கேட்டேன்.

"அது டிசிப்ளின், ஆச்சி."

"அதே வேலைய அங்கி போட்டவன் செஞ்சா?"

"அது மதவெறி."

"அப்ப சட்டைய மாத்திக்கிட்டா சரியாப் போயிருமோ?"

"ஆச்சி, பாக்கியா, இல்ல சேனல மாத்தட்டுமா?"

நான் பார்த்தேன். வேறு என்ன செய்வது, முட்டி வலிக்கிறவளுக்கு டி.வி.தான் கதி.

போன ஆடி மாசம் ஸ்டூடியோவில் தமிழ்ப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் வேலையை விட்டுப் போய்விட்டார். ஒரு புதுத் தொடரின் தமிழ் முழுவதையும் என் மகளிடம் கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்றுதான் சொன்னார்கள். முதல் பாகம் சரியாக வந்தால் அவளுக்கே நிரந்தரம். சரியாக வராவிட்டால் தமிழ் வேலை மொத்தமும் சென்னைக்குப் போய்விடும். இவள் பழையபடி போன் வந்தால் ஓடுகிற கும்பல்காரி. நாற்பத்து மூன்று வயதில், புருஷன் விட்டுப்போன பிறகு, அவளைத் தேடி முதன்முதலாக ஒரு நாற்காலி வந்திருந்தது. அந்த ஒரு வாரம் அவள் சாப்பிட்டதைவிட நகத்தைக் கடித்தது அதிகம்.

முதல் பாகத்தில் எல்லாம் முடிந்துவிட்டது, கடைசியில் வருகிற கூட்டக் காட்சி ஒன்றைத் தவிர. அதை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள் அனுப்ப வேண்டும். தமிழ்ப் பெண்கள் ஐந்து பேர் வேண்டும் என்றாள். நான் எங்கள் சந்திலிருந்தே திரட்டினேன். காலையில் மாட்டுங்கா பக்கம் பாத்திரம் தூக்கி இட்லி விற்கிற இட்லிக்காரி, அவளோடு கூட்டாளிகள் மூன்று பேர், ஐந்தாவதாக நான். என்ன வசனம், யாரை ஏச வேண்டும் என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. ஏ.சி. உண்டா என்று மட்டும் கேட்டார்கள்.

ஒன்றை நான் யோசிக்கவில்லை, மகளும் யோசிக்கவில்லை. அந்த வாரம் எங்கள் அம்மன் கோயிலில் கொடைத் திருவிழாவுக்குக் கால் நாட்டியிருந்தது. அந்த நாலு பேரும் முளைப்பாரி போட்டுக் கையில் காப்புக் கட்டியிருந்தார்கள். மஞ்சள் கயிறு மணிக்கட்டில் இருக்கிற எட்டு நாளும் கவுச்சி கிடையாது, சாவு வீட்டுக்குப் போகக் கூடாது, நாக்கில் கெட்ட சொல் வரக் கூடாது. எனக்கு மட்டும் காப்பு இல்லை. ஊரில் கொழுந்தன் இறந்து வருஷம் திரும்பவில்லை. தீட்டுக்காரி என்று கோயிலில் என்னை ஒதுக்கி உட்கார வைத்திருந்தார்கள்.

ஸ்டூடியோவில் சவுண்டு பார்க்கிறவர் முலுண்டிலிருந்து வருகிறவர். நாற்பது வயது, நல்ல மனுஷர். வீட்டில் தமிழ் பேசுவார். எழுதிக் கொடுத்தால் முழிப்பார். எங்களைப் பார்த்ததும் வளையல்களைக் கழற்றச் சொன்னார்.

"மாமி, மைக்ல எல்லாம் கேக்கும். அந்த மஞ்சள் கயிறும் வேண்டாமே."

"அது சத்தம் போடாது தம்பி," என்றாள் இட்லிக்காரி. "கழத்துனா நாங்கதான் சத்தம் போடணும்."

அவர் சிரித்துக்கொண்டே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனார். மகள் அவர் பக்கத்தில் பேப்பரோடு உட்கார்ந்தாள். எங்களுக்கு முன்னால் திரையில் படம் ஓடியது.

கதை இதுதான். அந்தக் கிரகத்து ஜனங்கள் ஒரு பெரிய பழைய எந்திரத்தைக் கும்பிடுகிறார்கள். உறுமிக்கொண்டே இருக்கிற அந்த எந்திரத்திலிருந்துதான் ஊருக்குத் தண்ணீர் வருகிறது. ஒரு நாள் தண்ணீர் நின்றுபோகிறது. கப்பலில் வந்த டாக்டரம்மா எந்திரத்தின் மூடியைத் திறந்து ரிப்பேர் பார்க்கிறாள். பார்த்துத் தண்ணீரும் வரவைத்துவிடுகிறாள். ஆனாலும் புனிதத்தில் கை வைத்துவிட்டாள் என்று கூட்டம் அவளைக் கட்டி வைத்து எரிக்கப் பார்க்கிறது.

"தண்ணி வந்துட்டுல்லா?" என்றாள் இட்லிக்காரி. "பெறவு எதுக்கு எரிக்காவ?"

"பக்தி," என்றேன்.

"என்னத்த பக்தி. நம்ம கோயில்ல மோட்டார் நின்னா பூசாரியே போன் போட்டுல்லா ஆளக் கூப்புடுதாரு."

அது உண்மைதான். எங்கள் கோயில் மோட்டாரைக் கழற்றுகிறவனுக்குக் கர்ப்பக்கிரகத்துக்குப் பின்னாலேயே உட்கார வைத்து டீ கொடுப்பார்கள். சீரியல் லைட் கட்டுகிறவன் அம்மன் தலைக்கு மேலே ஏறி நின்று, ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் போடச் சொல்லிக் கீழே நிற்கிற தர்மகர்த்தாவை ஏவுவான். இது ஒன்றும் அந்தக் கதை எழுதினவர்களுக்குத் தெரியாது. அவர்கள் ஊரில் சாமிக்குக் கரண்ட் போவதில்லை போலிருக்கிறது.

மகள் மைக்கில் வசனத்தை வாசித்தாள். எங்களில் பாதிப் பேருக்கு வாசிக்க வராது. அவள் சொல்ல நாங்கள் திருப்பிச் சொல்லுவதுதான் வழக்கம்.

"புனிதத்தைத் தீண்டியவள் எரியட்டும். அவள் சாம்பல் காற்றில் கரையட்டும். ரெடியா? கோபமா, எல்லாரும் சேர்ந்து."

சிவப்பு விளக்கு எரிந்தது. நான் ஓங்கிக் கத்தினேன். என்னைச் சுற்றி நாலு பேரும் அதேபோல ஓங்கிக் கத்தினார்கள். அணையும்வரை கத்தினோம்.

சவுண்டுக்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு மகளைப் பார்த்தார். "ஏக் மினிட். எனக்குத்தான் தப்பாக் கேக்கறதா? 'நல்லாருக்கட்டும்'னு வரது."

மகள் எங்களைப் பார்த்தாள். நான் இட்லிக்காரியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"சித்தி, என்ன சொன்னிய?"

"நல்லாருக்கட்டும்னுதான் சொன்னோம். அந்தப் பிள்ள என்ன பாவம் பண்ணுச்சு."

"இது கதைதான சித்தி. பொய்."

"கதை பொய் ஏட்டி. வாய் என் வாய்லா. காப்புக் கட்டுன கையோட ஒரு பொம்பளய எரியட்டும்னு சொல்லிட்டுப் போயி, எந்த மூஞ்சியோட முளைப்பாரிக்குத் தண்ணி தெளிப்பேன்?"

மற்ற மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள். மகள் உள்ளே வந்து கெஞ்சினாள். ஒருத்தி, வேண்டுமானால் ஊரை விட்டு ஒதுக்கு என்று சொல்லுகிறோம் என்றாள். இன்னொருத்தி, அபராதம் போடு என்று சொன்னால் ஆகாதா என்று கேட்டாள். வசனத்தில் ஒரு எழுத்து மாற்றக் கூடாது, மேலே ஒப்புதல் வாங்கி வந்தது என்றாள் மகள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். திரையில் அங்கி போட்ட ஜனங்கள் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள். இங்கே நிஜமாகவே சாமிக்குக் கட்டுப்பட்ட நாலு பேர், சாமிக்குப் பயந்து, வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். மணி ஒன்றரை.

வேறு ஆள் பிடிக்கலாம் என்றால், தேடிப் பிடித்து அவர்கள் வந்து சேரவே நாலு மணி ஆகிவிடும். மகள் தானே கத்தலாம் என்றால், அதே காட்சியில் டாக்டரம்மாவின் தோழியாக ஏற்கெனவே பேசியிருந்தாள். எட்டு வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் முழு வசனம். தோழி அழுதுகொண்டே கூட்டத்திலும் கத்த முடியாது.

அவள் சுவரோடு சாய்ந்து நகத்தை வாயில் வைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"எனக்குத்தான் காப்பு இல்லியே," என்றேன். "நான் தீட்டுக்காரி. எவள வேணும்னாலும் எரிக்கலாம்."

"ஒரு ஆள் கூட்டம் ஆவியளா, யம்மா?"

சவுண்டுக்காரர் யோசித்தார். "ஆகலாம். மாமியோட குரல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிடறேன். ஆனா ஒவ்வொரு தடவையும் வேற ஆள் மாதிரி சொல்லணும். கெழவன், பொண்ணு, பக்கத்துல, தூரத்துல. ஒரு பதினாலு போதும்."

இட்லிக்காரிக்கும் மற்றவர்களுக்கும் வெளியே நாற்காலி போட்டார்கள். போகும்போது அவள் என் காதில், "யக்கா, கோவிச்சுக்காத. நீ சொல்லுதத நாங்க கேக்காம காதப் பொத்திக்கிடுதோம்," என்றாள். நிஜமாகவே பொத்திக்கொண்டார்கள், கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

முதல் தடவை என் குரலிலேயே சொன்னேன். இரண்டாவது, எங்கள் சந்துக்கு மீன் கொண்டுவருகிறவள். மூன்றாவது, செத்துப்போன என் மாமியார். அவளுக்கு இந்த வசனம் மிகவும் சுலபமாக வந்தது. நாலாவது, தண்ணீர்க் குழாயடியில் குடத்தை நகர்த்தினவளை ஏசுகிறவள். ஐந்தாவது, சில்லறை இல்லாத பஸ் கண்டக்டர். சவுண்டுக்காரர் சிரித்துவிட்டார், அதனால் அதைத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. ஆறாவது, ஏழாவது, எட்டாவது. மைக்கிலிருந்து விலகி நிற்கச் சொன்னார், சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார், வாயில் முந்தானையை வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒன்பதாவதில் தொண்டை கிழிந்தது. வெந்நீர் கொடுத்தார்கள். பத்தாவது முடிந்து உட்கார்ந்துவிட்டேன். எந்தச் சாமியையும் கும்பிடாமலே இவ்வளவு களைப்பாக இருக்கிறதே, நிஜமாகவே வெறி பிடித்தவர்களுக்கு முட்டி வலிக்காதா என்று கேட்டேன். வலிக்கும் மாமி, அதை எல்லாம் எடிட் பண்ணிடுவா என்றார்.

பதினோராவது தடவைக்கு என்னிடம் குரல் மிச்சம் இல்லை. கத்த வரவில்லை. அடித்தொண்டையில், மெதுவாக, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல வந்தது. நன்றாக இல்லை, திரும்பச் சொல்லுகிறேன் என்றேன். வேண்டாம், ரொம்ப நல்லா இருக்கு என்றார் அவர். மிச்சம் மூன்றையும் எப்படியோ ஒப்பேற்றினேன்.

மூன்றே கால் மணிக்கு எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுக் காட்டினார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரையில் அங்கிக் கூட்டம் கையைத் தூக்கியது. பெரிய சத்தம் வந்தது. நான் ஒருத்தி என்று யாரும் சொல்ல முடியாது; ஒரு தெருவே திரண்டு வந்ததுபோல இருந்தது. மகள் என் கையைப் பிடித்தாள், சந்தோஷத்தில். அவ்வளவு சத்தத்துக்கும் அடியில் ஒரு ஆண் குரல், கரகரவென்று, கோபமே இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது. என்னுடைய பதினோராவது குரல். அது யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பம்பாயில் கலவரம் நடந்த அந்த வருஷம் மகள் சின்னப்பிள்ளை. பகல் நேரம். கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, அவள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். வெளியே கூட்டம் போயிற்று. கத்திக்கொண்டு போனவர்களை எனக்கு அடையாளம் தெரியவில்லை. சத்தத்தில் யாருக்கும் தனிக் குரல் இருக்காது. ஆனால் பின் சந்துக்குத் திரும்புகிற இடத்தில் ஒருத்தர் கத்தாமல் பேசினார். "அந்த வீடு இல்ல. அதுக்கு அடுத்தது," என்றார், பஸ் ஸ்டாப்புக்கு வழி சொல்லுகிற மாதிரி. எங்கள் மண்ணெண்ணெய் ஸ்டவ்வை ரிப்பேர் பார்த்துக் கொடுக்கிறவர் அவர். அடுத்தது என்றால், பேக்கரியில் வேலை பார்த்த பாயுடைய வீடு. அவர்கள் முந்தின நாளே போய்விட்டிருந்தார்கள், அதனால் எரிந்தது வீடு மட்டும்தான். பத்து நாள் கழித்து ஸ்டவ்காரர் வழக்கம்போல வந்தார். அவர் உடம்பில் அங்கி இல்லை, கட்டம் போட்ட சட்டைதான். ஸ்டவ்வைக் கொடுத்தேன். டீயும் கொடுத்தேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, இறந்துபோன என் வீட்டுக்காரரிடம்கூட. ஸ்டவ்காரரும் செத்து ரொம்ப வருஷம் ஆகிறது. என் தொண்டைக்குள் அவரை நான் வைத்திருந்தது எனக்கே தெரியாது.

"பதினோராவத எடுத்துருங்க தம்பி," என்றேன்.

"ஏன் மாமி? அதுதான் பெஸ்ட்."

"நல்லால்ல. எடுத்துருங்க."

அவர் ஒரு பட்டனை அமுக்கி மறுபடி போட்டார். மற்றப் பதின்மூன்றும் கேட்டன. மீன்காரி இருந்தாள், மாமியார் இருந்தாள், கண்டக்டர் இருந்தார். வெறும் இரைச்சல். சந்தையில் விலை கேட்கிற மாதிரி இருந்தது. யாரும் யாரையும் எரிக்கப் போவதாகத் தெரியவில்லை.

"பாத்தேளா, காலியாயிடுத்து," என்றார். "கூட்டத்தத் தாங்கறதே அந்த ஒரு குரல்தான்."

அதற்குப் பதில் வேறு ஒன்று சொல்லுகிறேன் என்று உள்ளே போனேன். மைக் முன்னால் நின்று வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. இரண்டு தடவை பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது. மூன்றே முக்கால். திரும்பி என்னைப் பார்த்தாள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவள் கண்ணில் அந்த நாற்காலி ஒன்றுதான் இருந்தது, அதில் தப்பும் இல்லை.

"இருக்கட்டும்," என்றேன். வெளியே வந்து சொன்னேன், குரல் இல்லாததால் கையையும் ஆட்டிச் சொன்னேன். "அப்படியே அனுப்பிருங்க."

அவர் அந்தக் குரலைத் திரும்பச் சேர்த்தார். நாலு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது போயிற்று.

சயான் போகிற பஸ்ஸில் இட்லிக்காரி பக்கத்தில் உட்கார்ந்து என் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "எத்தன பேர எரிச்ச?" என்று கேட்டாள். ஒன்று என்று விரலைக் காட்டினேன். குலுங்கிச் சிரித்தாள்.

திங்கட்கிழமை மகளுக்கு வேலை உறுதியாயிற்று. கூட்டக் காட்சியைத்தான் முதலில் சொன்னார்களாம், தமிழில் கேட்டால்தான் பயமாக இருக்கிறது என்று. தொடரில் இன்னும் நாலு பாகத்தில் அந்த ஜனங்கள் வருகிறார்கள். புதிதாக யாரையும் கத்த வைக்க வேண்டாம், இதையே வெட்டி வெட்டிப் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவாகியிருக்கிறது. மகள் பெட்டி நிறையப் பால்பேடா வாங்கி வந்து, முதலில் என் வாயில் ஒன்றை வைத்தாள். தொண்டைக்கு ஆகாது என்று சொல்ல நினைத்தேன். சொல்லாமல் தின்றேன்.